பதினான்கு அட்டைகள்: ஒரு தவக்கால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். போன வருடம் மந்திரித்த குருத்தோலைகளை எரித்த சாம்பல். எங்கள் வீட்டுத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையும் அதில் சேர்ந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையே அத்தை, என் மாமியார், கோயிலில் கொடுத்துவிட்டார்.

இந்தத் தவக்காலத்தில், இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் நாங்களே வரைந்து நடையில் மாட்டுவதென்று பேசி முடித்தோம். சார்ட் அட்டை, போஸ்டர் கலர் வாங்கியாயிற்று. பெரியவள் கோடு போடுவாள், சின்னவன் வண்ணம் அடிப்பான்.

மார்ச் 7, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. "எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது சின்னவனும் சத்தமாகச் சொன்னான்.

ராத்திரி பெரியவள் பைபிளைப் புரட்டிவிட்டு வந்து கேட்டாள்: "மூணு தடவை கீழே விழுந்ததா எந்த நற்செய்தியிலும் இல்லையேம்மா?" உண்மைதான். வெரோணிக்கா துணியால் முகம் துடைப்பதும், வழியில் தாயைச் சந்திப்பதும்கூட அங்கே இல்லை. பக்தர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய வழி இது. நிலைகள் பதினான்கு என்று ரோமில் உறுதி செய்ததே 1731-இல்தான். 1991 பெரிய வெள்ளியன்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் முழுக்க வேதாகம நிகழ்ச்சிகளை மட்டும் வைத்து ஒரு சிலுவைப்பாதை நடத்தினார். அதுவும் நல்லதுதான். ஆனால் எனக்குப் பழைய வழிதான் வேண்டும். பிள்ளையைச் சிலுவையோடு கொண்டுபோகும்போது தாய் வீட்டில் உட்கார்ந்திருப்பாளா? எழுதாமல் விட்டதை ஜனங்கள் நெஞ்சால் அறிந்து சேர்த்திருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

பாலக்கரை சகாய மாதா கோயிலில் நவநாள். அந்தப் படத்தை இன்று பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டினேன். இரண்டு பக்கமும் சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். மிக்கேல் கையில் ஈட்டியும் கடற்பஞ்சும், கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். அதைப் பார்த்துப் பயந்த குழந்தை தாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறது, ஒரு கால் செருப்பு கழன்று தொங்குகிறது. 1866-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இரட்சகர் சபைக் குருக்களிடம் ஒப்படைத்த படம். உலகம் முழுக்க வீடுகளில் மாட்டியிருக்கிறது, அந்தச் செருப்பைக் கவனிக்காதவர்களும் உண்டு. சின்னவன் வீட்டுக்கு வந்ததும், விழும் நிலைகள் மூன்றிலும் ஆண்டவரின் ஒரு செருப்பு கழன்று கிடக்க வேண்டும் என்றான். சரி, அப்படியே வரையட்டும்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

பழைய அலமாரிப் பலகையில் என் வீட்டுக்காரர் சட்டம் அறுக்க ஆரம்பித்தார். தச்சரான சூசையப்பரின் நாளில் மரவேலை தொடங்கியதில் அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 28, வெள்ளி

நான்காம் நிலை, வழியில் தாயைச் சந்திக்கும் இடம். மாதாவுக்கு என்ன உடை? பெரியவள் பாடப்புத்தகத்து நீல முக்காடு போட்டிருந்தாள். அத்தை கோணான்குப்பத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே பெரியநாயகி மாதா தமிழ்ப் பெண்ணின் கோலத்தில், கையில் குழந்தையோடு நிற்கிறாள். அதை ஏற்படுத்தியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். பக்கத்து விருத்தாசலம் கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். சூசையப்பரைத் தலைவனாக வைத்து 3,615 பாட்டில் தேம்பாவணி பாடியவருக்கு, மாதாவுக்குச் சேலை உடுத்தத் தெரியாதா! எங்கள் மாதாவுக்கும் சுங்குடிச் சேலைதான். புள்ளிகளைச் சின்னவன் தீக்குச்சி முனையால் வைத்தான்.

ஏப்ரல் 5, சனி

பதின்மூன்றாம் நிலை, ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாயின் மடியில் கிடத்தும் இடம். மனசு இன்னும் அடங்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பெரியவள் ரோமில் இருக்கும் மிக்கேலாஞ்சலோவின் பியத்தாவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். இருபது வயதுகளின் தொடக்கத்தில் அவர் செதுக்கிய சிலை. மாதாவின் முகத்தில் அழுகை இல்லை. மடியில் மகன், இடது கை மட்டும் விரிந்தபடி இருக்கும். கல்லில் அப்படியொரு அமைதி.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு பாப்பா. ஆனா கை சும்மா இருக்காது" என்றார்.

"அப்ப எங்க இருக்கும் அப்பாயி?"

"காலைப் புடிச்சிருக்கும். உங்க சித்தப்பா போனப்ப கால் சில்லுன்னு ஆயிருச்சு. ரெண்டு கையாலயும் தேச்சுவிட்டுக்கிட்டே இருந்தேன். போயிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, நான் விடல."

நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே இறந்தவர் என் கொழுந்தனார். இத்தனை வருடத்தில் அத்தை அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போவார், வருவார், அவ்வளவுதான்.

பெரியவள் ஒன்றும் கேட்காமல் ரப்பரை எடுத்தாள். அத்தையைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, தலையணையை மடியில் வைத்து, அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். நரம்பு புடைத்த, வயதான கைகள். மாதாவின் முகம் இளையதாகவும் கைகள் கிழவியினுடையதாகவும் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதை மாற்ற நான் விடமாட்டேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஓலையில் சிலுவை பின்ன அத்தை சொல்லிக்கொடுத்தார். நகத்தால் கீறிப் பிரிக்க வேண்டும், கத்தி வைத்தால் ஓலை ஓரம் பிசிறிவிடும். சின்னவன் சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாட்டில் திருச்சிலுவையை முத்தமிட்டுவிட்டு வந்து, கஞ்சி குடித்துவிட்டு, வீட்டு நடையில் எங்கள் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலைக்கும் ஒருவர் செபம் சொன்னோம். பதின்மூன்றாவதை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். புத்தகத்தைத் திறக்கவில்லை. "தாயே, நீ தாங்கிக்கிட்டே. எனக்கும் தாங்க வச்சே" என்று சொல்லிவிட்டு, கொழுந்தனாரின் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் பேசாமல் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 19, பெரிய சனி

ராத்திரி பாஸ்காத் திருவிழிப்புக்கு, உயிர்ப்பு இரவு வழிபாட்டுக்குப் போகவேண்டும். காலையிலேயே சின்னவன் மிச்சமிருந்த அட்டையை எடுத்துக்கொண்டான். பதினைந்தாவது வேண்டுமாம். மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கும் இடம், யோவான் இருபதாம் அதிகாரம். ஐரோப்பாவில் டூரர் போன்ற பெரிய ஓவியர்கள் அவர் கையில் மண்வெட்டி கொடுத்தே வரைந்திருக்கிறார்கள் என்றேன். பிடி எவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டு, அப்பாயியோடு மாடிக்கு அளக்கப் போயிருக்கிறான்.