காய்ச்சல் பிள்ளைக்கு சிரப் ஊற்றி வேனில் ஏற்றாதீர்கள்

வேலூர்ப் பக்கம் மழை தொடங்கிவிட்டால் வகுப்புக்கு நாலு பேராவது இருமிக்கொண்டிருப்பார்கள். காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளும் அதே மாதங்களில்தான். பரீட்சை போய்விடுமே என்ற பயத்தில் காலை ஏழு மணிக்கு பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். உடம்பு சுடுவது அடங்கும்; மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் வைரஸ் அடங்காது. பதினொரு மணிக்கு மருந்து வேகம் குறைந்து பிள்ளை பெஞ்சில் தலை சாய்க்கும்போது, பக்கத்தில் இருப்பவனுக்கும் முன்னால் இருப்பவனுக்கும் போயிருக்கும்.

ஃப்ளூ என்கிற வைரஸ் காய்ச்சல் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்று முதல் நாலு நாள் ஆகும். அறிகுறிக்கு முந்தின நாளே பரவத் தொடங்கிவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அதிகம் பரவுவது முதல் மூன்று நாலு நாளில். அந்த நாட்களில் பிள்ளை வீட்டில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. திரும்ப அனுப்பும் கணக்கு இதுதான்: மருந்து எதுவும் கொடுக்காமல் முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இருமல் இரண்டு வாரம் கூட இழுக்கும். அதற்காக வீட்டில் வைத்திருக்க வேண்டாம், கைக்குட்டையோடு அனுப்பினால் போதும்.

சிரப் அளவில் தவறு நடப்பது பாட்டிலில்தான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று இன்னொன்று, இரண்டும் கடையில் இருக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. பழைய பாட்டில் ஞாபகத்தில் புதியதை ஊற்றினால் இரட்டிப்பாகும், இல்லையென்றால் பாதியாகும். ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள், நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. நிலவேம்புக் கஷாயம் கொடுக்கிற வீடுகள் உண்டு; அதைக் குடித்துவிட்டான் என்பது பள்ளிக்கு அனுப்பக் காரணம் ஆகாது.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளும் லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்தக் கப்புக்காகக் காய்ச்சலோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது காற்று. மழைச்சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி ஃபேனைப் போட்டால், அறைக்குள் இருக்கும் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். சாரல் படாத பக்கத்து ஜன்னலும் அதற்கு எதிரே உள்ள கதவும் திறந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. பல வகுப்புகளில் மேல் வென்டிலேட்டரைச் சார்ட் பேப்பர் ஒட்டி அடைத்திருப்பார்கள், அதைக் கழற்றுங்கள். ஆட்டோவிலும் இப்படித்தான்: இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி, உள்ளே பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்தால் வகுப்பறையை விட மோசம். சாரல் இல்லாத பக்கப் படுதாவைச் சுருட்டி, பிள்ளைகள் சாயாதபடி கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

கை கழுவுவதில் சிக்கல் சோப்பு இல்லாதது மட்டுமல்ல, நேரமும்தான். 40 பிள்ளைகள், இரண்டு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே பத்து நிமிடம் ஆகும். சாப்பாட்டு மணி அடித்த பிறகு எல்லோரையும் ஒன்றாக விட்டால் விரல் நுனியை நனைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பெஞ்ச் பெஞ்சாக அனுப்புங்கள். சோப்புக் கட்டி சேற்றில் விழும், காணாமலும் போகும். பழைய நைலான் சாக்ஸில் போட்டு முடிந்து குழாயில் கட்டிவிட்டால் சாக்ஸோடு தேய்த்துக்கொள்வார்கள். காசு குறைவு என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கலந்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் வைத்தால் போதும். கழுவிய கையை, மூக்கு துடைத்த சட்டை நுனியிலேயே துடைத்தால் எல்லாம் வீண். பழைய கைலியைக் கிழித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்துவிடுங்கள், ஒன்று மூக்குக்கு, ஒன்று கைக்கு.

டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் இங்கே நன்றாகவே உதவும்.

பள்ளிச் சுவரோரம் கோலம் போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவுவதால் ஃப்ளூவுக்கு ஒன்றும் ஆகாது. கை படும் இடங்களைத் துடையுங்கள்: தாழ்ப்பாள், சுவிட்ச், பெஞ்ச் விளிம்பு, குழாய்த் திருகு. சுவிட்சுக்குப் பிழிந்த துணி மட்டும். முதலில் சோப்புத் தண்ணீர். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்கிற குளோரின் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விடுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். டாய்லெட் ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும்.

ஃப்ளூ தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வருஷா வருஷம் தேவை. ஒன்பது வயதுக்குள் முதல் தடவை போடுபவர்களுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அதன் பிறகு பலன் பிடிக்க இரண்டு வாரம். பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்கினால் மழைக்கு முன் முடித்துவிடலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் அதை ஃப்ளூ என்று நினைத்து வீட்டில் உட்கார வேண்டாம். நம் மாவட்டத்தில் இதே மாதங்களில் டெங்குவும், புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் உண்டு, ரத்தப் பரிசோதனை தேவை. மூச்சு இழுத்து விலா உள்ளே போவது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப வருவது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.