மேல்வீட்டுத் துணியும் ஒரு புனைபெயரும்

கதையை ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டேன். அதை எங்கே போடுவது என்று முடிவெடுக்கத்தான் நாலு மாசம் ஆனது.

கதை வேறொன்றுமில்லை. சிங்கப்பூரில் எங்கள் வீவக புளோக்கில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவோம். மேல்வீட்டில் சரியாகப் பிழியாமல் போட்டால், முக்கால்வாசி காய்ந்த நம் துணி மறுபடி நனையும். எட்டு வருஷமாக இதை அனுபவிக்கிறேன். ஒன்பதாவது மாடி அக்காவிடம் நேரில் சொல்ல தைரியம் இல்லாததால் சிறுகதை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். அந்த அக்காவின் மஞ்சள் பூப்போட்ட நைட்டியை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. தண்ணீர் சொட்டும்போது அது காற்றில் ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. எல்லோரும் படிக்கணும், எழுதினது நான்தான் என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. "அப்படின்னா நோட்டுல எழுதி எம்ஆர்டி ரயில் சீட்ல வச்சுட்டு வந்துடுங்கம்மா" என்றாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள்.

ஃபேஸ்புக் எனக்கு ஒத்துவராது என்று முன்பே தெரியும். போன வருஷம் 1,800 சொற்களில் ஒரு கதை போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "அருமை, தொடரட்டும் பணி" என்று பெரியப்பா எழுதியிருந்தார். அன்று அவர் கண்புரை ஆப்பரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தார்.

ஆபீசில் கூட வேலை பார்க்கும் தோழி வேறொரு குண்டைப் போட்டாள். இங்கே நடக்கும் தங்கமுனை விருது மாதிரி எழுத்துப் போட்டிக்கு அனுப்புகிற எண்ணமிருந்தால் இணையத்தில் போடாதே, போட்டால் ஏற்கெனவே வெளிவந்த கதை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றாள். ஒரு மாசம் கதையைப் பூட்டி வைத்தேன். பரிசு கிடைத்தால் மேடையேறணும், படம் எடுப்பார்கள், பேப்பரில் வரும், அந்தப் பேப்பர் ஒன்பதாவது மாடிக்கும் போகும். அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அடுத்து அமேசானின் கிண்டில். தமிழில் நாமே மின்னூல் போடலாம், காசும் வரும் என்றதும் வீட்டுக்காரருக்கு உற்சாகம். விலையைப் பொறுத்து 35 சதவீதமோ 70 சதவீதமோ உரிமைத்தொகை. அட்டைப்படம் 2,560 புள்ளி உயரம், 1,600 புள்ளி அகலம் இருந்தால் உத்தமம் என்று போட்டிருந்தது. என் ஜன்னலே அந்த வாட்டத்தில்தான் இருக்கிறது, கழியைப் படம் பிடித்துப் போட்டேன். அப்புறம் வந்தது வரி விவரப் படிவம். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி உடன்பாடு கிடையாது, அதனால் அமெரிக்காவில் விற்பதற்கு வரும் உரிமைத்தொகையில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே என் புத்தகத்தை வாங்கக்கூடிய ஒரே ஆள் டெக்சஸில் இருக்கும் தம்பி. அவனும் ஓசியில்தான் கேட்பான். கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாதாம். பத்துப் பக்கக் கதைக்கு இவ்வளவு கட்டுக்காவலா என்று மூடிவைத்தேன்.

கதைச் செயலிகளையும் மேய்ந்து பார்த்தேன். டொராண்டோவில் 2006இல் தொடங்கிய வாட்பேடில் வாசகர் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்திலேயே கருத்துப் போடலாம். மாமியார்கூட என்னை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்ததில்லை. பெங்களூரிலிருந்து 2014இல் வந்த பிரதிலிபியில் தமிழ்க் கூட்டம் அதிகம், தொடர்கதைக்குக் கொடி பறக்கிறது. என்னுடையதோ ஒரே மூச்சில் முடிகிற கதை.

சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995லேயே இதே ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிவிட்டார். எனக்குத்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கதையை ஏற்றத் துப்பில்லை.

கடைசியில் மகள் இன்னொரு செயலியைக் காட்டினாள். பெயர் வேண்டாம். 'மழைமகள்' என்று புனைபெயர் வைத்துக் கதையை ஏற்றினேன். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. நான் அந்த நேரம் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் 'சரி' என்று அழுத்துகிற பழக்கம்.

கரண்டியைக் கீழே வைப்பதற்குள் என் கைப்பேசியில் எண் இருந்து, அந்தச் செயலியும் வைத்திருந்த அத்தனை பேருக்கும் என் பெயரைச் சொல்லி, 'இப்போது மழைமகளாக எழுதுகிறார், படியுங்கள்' என்று செய்தி போய்விட்டது. மேனேஜருக்கு. மகளின் தமிழ் டீச்சருக்கு. போன தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் கொடுப்பதற்காக எண் வாங்கி வைத்திருந்த ஒன்பதாவது மாடி அக்காவுக்கும்.

இரண்டு நாள் மாடிப்படியிலேயே போய் வந்தேன். மூன்றாம் நாள் கையில் அரிசி மூட்டை, லிஃப்டை விட்டால் வழியில்லை. கதவு திறந்தால் உள்ளே அக்கா.

"தங்கச்சி, கதை படிச்சேன்மா."

நான் அரிசி மூட்டையைப் பார்த்தேன்.

"அப்படியே பத்தாவது மாடிக்காரிதான்! அந்த மஞ்சள் நைட்டியக்கூட விடலியே நீ. என்னோடதப் பாத்துட்டுத்தான் அவளும் தேக்கா மார்க்கெட்ல தேடி அதே மாதிரி வாங்கினா. தண்ணி சொட்டச் சொட்ட போடுறா, என் துணியெல்லாம் வீணா போவுது. அடுத்த பாகத்துல அவள விட்டுராத, சரியா?"

"சரிக்கா" என்றேன்.

அன்று ராத்திரி கதையின் இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தேன். வாசகர் வட்டம் இப்படி வலுவில் வந்து அமையும்போது சும்மா இருக்க முடியுமா? முதல் பாகத்துக்குப் புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. படமில்லை, பெயருமில்லை.

"நல்ல கதை. எட்டாவது மாடிக்குக் கீழே ஏழாவது மாடி என்று ஒன்று இருப்பதையும் எழுத்தாளர் கவனத்தில் கொள்ளவும். நேற்று நீங்கள் போட்ட நீலப் போர்வை இன்னும் சொட்டுகிறது."

பதில் எழுதவில்லை. எழுந்து போய் கழியை உள்ளே இழுத்து, போர்வையை இன்னொரு தரம் பிழிந்தேன். அரை வாளி தண்ணீர் வந்தது.