சொல்தா தாத்தாவின் மஃப்ளர்

எதிர்வீட்டுத் திண்ணையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தா தன் பழைய கம்பளி மஃப்ளரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பாச்சா உருண்டை வாசனை.

"ஜனவரியில தெரியும்மா குளிரு."

பிரெஞ்சு எம்.ஏ. முடித்தவள். பிரான்சில் ஒரு பள்ளிக்கு ஆங்கில உதவியாளராகப் போகிறாள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. மாதச் சம்பளம் உண்டு. விமானச் செலவு மட்டும் நம் கையிலிருந்து.

"வேகமா பேசினா சும்மா தலையாட்டாத. திரும்பக் கேளு" என்றார்.

இத்தனை வருடம் தேர்வுக்காகப் படித்த மொழி. இனி ரொட்டிக்கடையில், பேருந்தில், வாடகை பேசும்போது அதுதான் துணை. டிக்கெட் காசு புரட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தாள். புதுச்சேரிப் புழுக்கத்தில் உடனே வியர்த்தது.

கழற்றவில்லை.