கீரிமலைக் கேணியும் கற்பனை நகரத்தின் பிறப்புக் கதையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமய பாடம் படித்தவர்கள் எவரும் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரக் கதையை மறந்திருக்க மாட்டார்கள். குதிரை முகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடுகிறாள். முகம் மாறுகிறது. அந்த நன்றிக்கு மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுகிறது. அதே தீர்த்தத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் அங்கே நீராடி அந்த முகம் நீங்கப் பெற்றார் என்பது அது. ஒரே கேணி, இரண்டு கதைகள். இரண்டையும் நாங்கள் ஒரே கொப்பியில் எழுதிப் படித்தோம்.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் பழைய மாணவர் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர், சில வீடுகளில் பெற்றோருங்கூட, வார இறுதிகளில் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறார்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியாகப் பரவிய ஆட்டம் இது. கேம் மாஸ்டர் ஒருவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி முடிவு காண்பார்கள். அந்த உலகில் ஒரு நகரம் வேண்டும். நகரம் பழையதாகத் தோன்ற அதற்கொரு பிறப்புக் கதை வேண்டும். இந்த வேலைக்கு எங்கள் வகுப்பறையில் கிடைத்த கையிருப்பு பெரியது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பலர் தெய்வங்களில் இருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் கதை கெடுகிறது. தெய்வங்களின் பெயர்கள் பன்னிரண்டு நிரம்பியிருக்கும், நகரம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. முதலில் வரைபடத்தை எடுங்கள். அந்த நிலத்தில் காரணம் கேட்கத் தோன்றும் மூன்று விநோதங்களைக் குறியுங்கள். கீரிமலையில் உப்புக் கடலின் விளிம்பிலேயே நன்னீர் சுரக்கிறது, கதையை வரவழைத்தது அந்த விநோதம். மெக்சிக்கோவில் அஸ்தெக் மக்களின் தலைநகரான தெனோச்தித்லான் ஏரி நடுவே சதுப்புத் தீவில் எழுந்தது. 1325இல் நிறுவப்பட்டதாக மரபு கூறும் அந்த நகருக்கு, கள்ளிச்செடியின் மேல் கழுகு அமர்ந்த இடத்தில் குடியேறுங்கள் என்று தெய்வம் அடையாளம் சொன்னது என்பது கதை. வேறு எவரும் விரும்பாத நிலத்தில் கடைசியாக வந்தவர்கள் ஏன் தங்கினார்கள் என்ற கேள்விக்கு அதுவே விடை.

மாதிரிக்கு ஒரு நகரம் அமைப்போம். பெயர் அலைவாசல். கடலோரத் துறைமுகம். விநோதம் ஒன்று, அலை எட்டும் தூரத்தில் நன்னீர்க் கேணி. இரண்டு, நகரின் கிழக்கு மதிலில் ஆறு முழ அகலத்துக்கு ஒருபோதும் கட்டப்படாத இடைவெளி. மூன்று, பெரிய கோயிலின் அடித்தளத்தில் பதித்திருக்கும் ஒரு பழைய தோணி. இந்த மூன்றையும் ஒரே நிகழ்ச்சியால் கட்டுங்கள். தாகத்தால் சாகும் கூட்டத்தைத் தோணியில் ஏற்றி வந்த ஓடக்காரி ஒருத்தி கடலிடம் நன்னீர் கேட்கிறாள். கடல் தருகிறது. பதிலுக்கு, "நான் வந்துபோக ஒரு வழி விட்டுவை" என்கிறது. பிறப்புக் கதை இவ்வளவே. நூறு சொற்களுக்குள் எழுதுங்கள். வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடலாம், அதற்கு மேல் நீண்டால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பகடையை உருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்த படி மிக முக்கியமானது, பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான். கதை அன்றோடு முடியாமல் இன்றைக்கும் யாரையோ கட்டுப்படுத்த வேண்டும். ஒரு கடன், ஒரு தடை, ஒரு உரிமை, இவற்றில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். கி.மு. 753இல் ரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸின் கதை, எல்லையைத் தாண்டிக் குதித்த இரட்டைச் சகோதரன் ரேமஸ் கொல்லப்பட்டதோடு நிற்கவில்லை. நகரின் புனித எல்லைக்குள் படை ஆயுதத்தோடு நுழையக்கூடாது என்ற தடை வரலாற்றுக் காலத்திலும் இருந்தது. எல்லையைக் கலப்பையால் உழுதபோது வாயில் வரும் இடங்களில் கலப்பையைத் தூக்கிவிட்டார்கள் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். மதில் புனிதம், வாயில் அப்படியல்ல, ஏனெனில் பிணமும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். இப்படி ஒரு நுணுக்கம் இருந்தால் ஆட்டத்தில் ஒரு முழு மாலையை நடத்தலாம்.

கிரேக்கத்துத் தீப்ஸ் நகரக் கதையில் கத்மஸ் நாகத்தின் பற்களை விதைக்கிறான். ஆயுதம் தாங்கிய வீரர் முளைத்து, தங்களுக்குள் வெட்டி மாய்ந்து ஐவர் மிஞ்சுகிறார்கள். நகரத்து உயர்குடிகள் தங்களை அந்த ஐவரின் வழியினர் என்றார்கள். கேம் மாஸ்டருக்கு இது ஐந்து பகைக் குடும்பங்களைச் சிரமமின்றித் தரும். ஏதென்ஸ் கதை இன்னும் கூர்மையானது. தெய்வங்களான அதீனாவுக்கும் பொசைடனுக்கும் நகருக்காகப் போட்டி வந்தபோது ஆண்கள் பொசைடனுக்கும் பெண்கள் அதீனாவுக்கும் வாக்களித்தார்கள், பெண்கள் ஒருவர் அதிகமாக இருந்ததால் அதீனா வென்றாள், பொசைடனின் சினத்தைத் தணிக்கப் பெண்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது என்று ரோம அறிஞர் வர்ரோ சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் பதிந்திருக்கிறார். அநீதி ஒன்றுக்கு நியாயம் கற்பிக்கப் பிறந்த கதை அது. உங்கள் நகரக் கதையையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் யாருக்கு இலாபம்?

அந்தக் கேள்வியில் இருந்தே மாற்றுக் கதைகள் பிறக்கும். ஊர்க் கோயில்களில் நடக்கும் கந்தபுராண படனத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் செய்யுளைப் பாட, மற்றவர் பயன் சொல்வார். செய்யுள் ஒன்றே, பயன் சொல்பவர் மாறினால் பொருளின் அழுத்தம் மாறும். அலைவாசலிலும் அவ்வாறே செய்யுங்கள். கோயிலார் சொல்வது: கடல் ஒரு தெய்வம், இடைவெளி அவளுடைய வாசல். உப்பளத் தொழிலாளர் சொல்வது: ஓடக்காரி இன்னொன்றையும் தருவதாகச் சொல்லி ஏமாற்றினாள், கடன் இன்னும் தீரவில்லை. அரண்மனையில் மறைத்து வைத்திருப்பது: முதல் அரசன் தன் அண்ணனைக் கொன்ற இடம் அது, அங்கே மதில் எழுப்பினால் தோண்ட வேண்டிவரும். மூன்றும் மதில் இடைவெளியை விளக்குகின்றன, ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆட்டத்தில் கோயில் கதையை அறியப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், உப்பளக் கதைக்கு 15, அரண்மனைக் கதைக்கு 20 என்று வைக்கலாம். எது உண்மை என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். ஆட்டக்காரர்கள் எதை நம்பிப் பணயம் வைக்கிறார்கள் என்று பார்த்தபின் தீர்மானித்தால் ஆட்டம் உயிரோடு இருக்கும்.

கதையைக் கேம் மாஸ்டர் தம் குரலில் வாசிக்கக் கூடாது. திருவிழா, சத்தியவாக்கு, பிள்ளைகளின் பாட்டு, வாயிற்காவலனின் எச்சரிக்கை என்று நான்கு வாய்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். வம்சாவளிப் பட்டியலை அறவே விடுங்கள். பெயர்களை இரண்டு மூன்று அசைகளில் வையுங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் இரண்டு இருந்தால் மேசையில் குழப்பம் நிச்சயம்.

ஆட்டக்காரர்கள் கதையை உடைக்கவும் கூடும். கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸ் அக்ரோபோலிஸை எரித்தபோது, அதீனா நகருக்குத் தந்ததாகச் சொல்லப்படும் ஒலிவ மரமும் எரிந்தது. மறுநாளே ஒரு முழம் துளிர்த்திருந்தது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அழிவையும் கதை தன்னுள் இழுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் ஆட்டக்காரர்கள் கிழக்கு மதிலின் இடைவெளியை அடைத்துவிட்டால் தடுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். வழி மறிக்கப்பட்ட கடலின் பதிலாக அலைவாசல் கேணிக்கும் அதையே செய்யுங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. முதல் அமர்வில் மாடுகள் தொட்டித் தண்ணீரைக் குடிக்க மறுக்கட்டும். அடுத்ததில் தண்ணீர் விற்பவன் விலையைக் கூட்டட்டும். மூன்றாவதில் உப்பளத்தார் கூட்டமாக வந்து, கடனை யார் தீர்ப்பது என்று ஆட்டக்காரர்களிடமே கேட்கட்டும்.