மாலை கழற்றும் வாரம்

கார்த்திகை பிறந்தால் எங்கள் குடிநோய்ப் பிரிவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "மாலை போட்டா ஒரு மண்டலம் தொடாம இருக்காரே மேடம், அப்ப மத்த நாள்ல குடிக்கிறது திமிருதானே?" கேட்பவர் பெரும்பாலும் மனைவி.

அந்த ஒரு மண்டலத்தின் தொடக்கமே எங்களுக்குப் பயம்தான். தினமும் குடித்தவர் மாலைக்காகச் சட்டென்று நிறுத்திவிடுகிறார். மது அமுக்க அமுக்க, அதற்கு ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும். மதுவை எடுத்ததும் அந்த வேகத்துக்குக் கடிவாளம் இல்லை. கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார். சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உயிரே போகக்கூடிய கட்டம் அது.

அதைத் தாண்டியவருக்கு விரதம் நிஜமாகவே துணை நிற்கிறது. கறுப்பு வேட்டி, பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்கால பஜனை. கூடக் குடித்தவனே "சாமி" என்று கும்பிடுகிறான், கட்டிங் போடக் கூப்பிடுவதில்லை. பழகியவருக்கு டோபமின் (ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனம்) குடித்த பிறகுதான் சுரக்கும் என்றில்லை. சனிக்கிழமைக் கூலி, மூடி திருகும் சத்தம் போன்ற அடையாளங்களே போதும். மாலை அவற்றில் பாதியை மறைத்துவிடுகிறது. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை 1970களில் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, ஊர் திரும்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. அவர்கள் பழகிய இடத்தை விட்டு வந்தார்கள். எங்கள் ஆட்கள் மாலையைக் கழற்றிவிட்டு அதே தெருவுக்குத் திரும்புகிறார்கள்.

பெயின்டர் ஒருவர் சொன்னார்: "கடையைப் பாக்கக்கூட இல்ல மேடம். கூலி கைக்கு வந்ததும் வாயில எச்சி ஊறிடுச்சு." அன்று குடித்தது ஒரு கட்டிங்தான். ஆனால் "சத்தியம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற நினைப்பில் அடுத்த நாலு நாள் வீட்டுக்கே போகவில்லை. சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது இந்த நினைப்புதான் என்று உளவியலாளர் ஆலன் மார்லட் எழுதியிருக்கிறார். வீட்டிலும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். (மாமியார்கள் இதில் கெட்டிக்காரர்கள்.)

அதனால் இப்போதெல்லாம் சபரிமலைக்குக் கிளம்பும் முன்பே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசிவிடுகிறேன். மாலை கழற்றிய மறுநாள் எங்களிடம் வர வேண்டும். மேஸ்திரி கூலியை மனைவியின் கணக்கில் போட வேண்டும். ஒருவேளை குடித்துவிட்டால், சண்டையை ஒத்திவைத்துவிட்டு மறுநாள் காலையிலேயே கூட்டி வர வேண்டும். மூன்றாவதுக்குத்தான் மனைவிகள் லேசில் சம்மதிப்பதில்லை. "அப்ப குடிக்கலாம்னு நீங்களே சொல்றீங்களா?" என்பார்கள். அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும்.