ஃபார்மா சப்ளிமெண்டரி: ஸ்டீராய்டு கணக்கில் நான் விட்டதும் பிடித்ததும்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ஃபார்மா (மருந்தியல்) பாஸ். அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்ட தேங்காயை நேற்றே உடைத்தாயிற்று. இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன முறை தியரியில் தேறி, பிராக்டிகலில் 3 மார்க்கில் போனேன். அந்த மூன்றும் ஒரே கேள்வியில் போனவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸாமினர் கேட்டார்: "ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஐவி, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. மாத்திரைக்கு மாற்றணும். பிரெட்னிசோலோன் எவ்வளவு?" எந்த ஸ்டீராய்டு எத்தனை மி.கி. எதற்குச் சமம் என்ற அட்டவணை எனக்கு மனப்பாடம். ஹைட்ரோகார்ட்டிசோன் 20-க்கு பிரெட்னிசோலோன் 5. சட்டென்று 25 என்றேன். விடை 100. ஒரு வேளை ஊசியை மட்டும் மாற்றிவிட்டேன். நாளைக்கு நான்கு வேளை, 400 மி.கி. என்று கூட்டவே இல்லை. வார்டில் இப்படிச் செய்திருந்தால் நோயாளிக்குக் கால்பங்கு மருந்துதான் போயிருக்கும். அதை நினைத்தால் மார்க் போனதைவிட வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் என் பேச்சைக் கேட்டு ஒன்று செய்யுங்கள். எந்த ஸ்டீராய்டு கணக்கு வந்தாலும் முதல் வரியில் 24 மணி நேர மொத்தத்தை எழுதுங்கள். அதற்கு அப்புறம்தான் அட்டவணை.

ஊசியிலிருந்து மாத்திரை என்றதும் பயப்பட வேண்டாம். இந்த மருந்துகள் வாய்வழியே நன்றாகவே உறிஞ்சப்படுகின்றன. வழி மாறினால் எண் மாறாது, மருந்து மாறினால்தான் எண் மாறும்.

சமமான அளவுகள்: ஹைட்ரோகார்ட்டிசோன் 20, பிரெட்னிசோலோன் 5, மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி.

பிரெட்னிசோலோனுக்கு மாற்ற:
- ஹைட்ரோகார்ட்டிசோன்: 4-ஆல் வகு.
- மெத்தில்பிரெட்னிசோலோன்: கால்பங்கு கூட்டு. 40 என்றால் 50.
- டெக்ஸா: 3-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கு. கோவிட்டில் கொடுத்த 6 மி.கி. என்றால் 40.

வளவுத் தரையில் சாக்பீஸால் இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஐயாவுக்கு மூச்சிரைப்பு முற்றி காரைக்குடியில் சேர்த்தோம். அவருக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). சார்ட்டில் எஃப்கார்லின் (ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான்) 100 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. மறுநாள் ஊசியை நிறுத்தி வைசோலோன் (பிரெட்னிசோலோன் மாத்திரை) 40 எழுதினார்கள். "ஏத்தா, ஊசி மூணு வேளை போட்டாக, இப்ப காலையில மட்டும் ரெண்டு மாத்திரையாம். போதுமா?" என்று ஐயா என்னைக் கேட்டார். 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75. எனக்கும் உதறியது. டூட்டி டாக்டரிடம் கேட்டேன். "கணக்கு சரிதாம்மா. ஆனா சிஓபிடி முற்றினதுக்கு 40 மி.கி. அஞ்சு நாள் போதும். ஊசியில போனதைத் துரத்த வேண்டியதில்லை" என்றார்.

புத்தகத்தில் பிடிபடாதது அங்கே பிடிபட்டது. சம அளவு என்பது ஒன்று, அந்த நோய்க்கு வேண்டிய அளவு என்பது வேறு. பல்ஸ் தெரபியும், அதாவது சில நாள் மட்டும் மிக அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுப்பதும், அப்படித்தான். ஆப்டிக் நியூரைட்டிஸில் (பார்வை நரம்பு அழற்சியில்) நாளைக்கு 1 கிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் 3 நாள் போன பிறகு, மாத்திரை கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோலோன். அட்டவணைப்படி போனால் 1,250 மி.கி., அதாவது 5 மி.கி. மாத்திரை 250! கேள்வியில் 'பல்ஸ்' என்று பார்த்தால் கணக்கே போடாதீர்கள்.

வைவாவில் இன்னும் கேட்கக்கூடியவை:
- அட்டவணை அழற்சியை அடக்கும் வலிமைக்கு மட்டும். டெக்ஸாவுக்கு உப்பைத் தேக்கும் குணம் கிட்டத்தட்ட இல்லை. அடிசன் நோயாளிக்கு (அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காதவருக்கு) ஹைட்ரோகார்ட்டிசோன் இடத்தில் அதைத் தனியாகப் போட்டால் போதாது.
- பிரெட்னிசோன் கல்லீரலில் பிரெட்னிசோலோனாக மாறித்தான் வேலை செய்யும்.
- சிசுவின் நுரையீரல் முதிர்ச்சிக்கு பிரெட்னிசோலோன் உதவாது. அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாதான்.
- 3 வாரத்துக்கு மேல் போனால் படிப்படியாகக் குறைக்கணும். ஐயாவுக்கு 5 நாள்தான் என்பதால் அப்படியே நிறுத்தினார்கள்.

இந்த முறை மெத்தில்பிரெட்னிசோலோன் 40 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கேட்டார்கள். தாளில் முதலில் 80 என்று எழுதிவிட்டு, 100 மி.கி. பிரெட்னிசோலோன் என்றேன். "எந்த நோய்க்குன்னு சொன்னா, இதே அளவு வேணுமான்னு சொல்றேன் சார்" என்றும் சேர்த்தேன். அவர் அடுத்த கேள்விக்கு, இன்சுலினுக்குப் போய்விட்டார்.