குட்டி யொ

இன்று ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துவரிசையான ஹிரகானாவின் பயிற்சித் தாளில் ஒரு இடத்தில் கண் நின்றுவிட்டது. 'கி'க்கு ஒரு கட்டம். அடுத்த கட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒடுங்கிக்கொண்டு ஒரு குட்டி 'யொ'.

எழுத்தில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு, ஆனால் வாய்க்கு வரும்போது 'கியொ' இல்லை, 'க்யொ', ஒரே மாத்திரை.

கி, நி, மி போன்ற இகர எழுத்துகளோடு குட்டி ய, யு, யொ சேர்ந்து வழக்கமான பட்டியலில் 33 கூட்டொலிகள். பின்னால் ஒரு 'உ' வந்தால் 'க்யோ' என நெடிலாகி இரண்டு மாத்திரை.

அந்தக் குட்டி எழுத்தைப் பெரிதாக எழுதினால் ஊரே மாறிவிடும்: 'ப்யோஇன்' மருத்துவமனை, 'பியோஇன்' அழகு நிலையம்!

1946-இல் ஜப்பானில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு நிலைமை இன்னும் கடினம். இன்று என்று பொருள்படும் 'க்யோ'வை 'கெஃபு' என எழுதி 'க்யோ' என்றே படித்தார்கள். அப்போதைய குழந்தைகளை நினைத்தால் உண்மையிலேயே மலைப்பாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரோமன் எழுத்துப் பக்கமே போகாதீர்கள். மாத்திரைக்கு ஒரு கைதட்டு என்று சத்தமாகப் படியுங்கள், குறில் நெடில் பழகிய நமக்கு அது சீக்கிரம் பிடிபடும்.